ஏழு மணி கரண்ட்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. எனக்கு ஊர் பணகுடிப் பக்கம். நாகர்கோவில் நெடுஞ்சாலையில் முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைத் தாண்டும் இடத்தில், ஆனி ஆடி மாதங்களில் பைக் ஓட்டுகிறவர்கள் வண்டியைக் கொஞ்சம் சாய்த்தே பிடிக்க வேண்டும். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் மறித்துவிடுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில்தான் அதற்கு வழி கிடைக்கிறது. அகலமாக வந்த காற்று குறுகிய கணவாய்க்குள் நுழையும்போது வேகம் எடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். இந்த ஒரு கணக்குதான் ஒன்றுக்கும் உதவாத செம்மண் தேரியையும் கரிசலையும் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்றாக மாற்றியது. முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட். (ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் 1,000 யூனிட்.)

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, 'ஆகா, சுத்தமான மின்சாரம், செலவே இல்லாத காற்று' என்பார்கள். சரிதான். ஆனால் அந்தக் காற்றாடிகள் அங்கே வந்த கதையில் சுற்றுச்சூழல் அக்கறைக்கு இருந்த இடம் குறைவு. 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அரசு சோதனையாகச் சில சிறிய காற்றாலைகளை நிறுத்தியது. 90-களில் கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை முதலாளிகள் கிளம்பி வந்தார்கள். காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு சலுகை இருந்தது. லாபம் அதிகமான ஆலைக்கு மார்ச் மாதம் நெருங்க நெருங்கக் காற்றின் மேல் பாசம் கூடும். என் மாமா ஒருவர் மழை பார்த்து உளுந்து போடும் காட்டை அந்தச் சமயத்தில்தான் விற்றார். புரோக்கர் சொன்ன விலை அவருக்கு அன்றைக்குப் பெரிய பணம். அந்தக் காட்டில் இன்று நிற்கும் காற்றாடிக்குக் கோயம்புத்தூரில் முதலாளி. ஊருக்குக் கிடைத்தது வாட்ச்மேன் வேலை.

வரிக்காக வைத்ததில் எல்லாம் நன்றாகச் சுற்றியது என்று சொல்ல முடியாது. காற்று சரியாக அளக்கப்படாத இடத்தில் வைத்தது உண்டு. பராமரிப்பு இல்லாமல் நின்றுபோனதும் உண்டு. இன்னொரு சிக்கல் இப்போதுதான் தெரிகிறது. ஆரல்வாய்மொழியின் முதல் தரமான காற்று வீசும் இடங்களில் 225, 250 கிலோவாட் திறன் கொண்ட அந்தக் காலத்துக் குட்டிக் காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன. இன்று வருபவை ஒவ்வொன்றும் 2, 3 மெகாவாட். அதாவது பழையதில் பத்தைக் கழற்றிவிட்டு ஒன்றை வைத்தால் போதும். ஆனால் அந்தப் பத்துக்கும் பத்து முதலாளிகள் இருப்பார்கள், நிலமும் துண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்பந்தம். புதியதன் இறக்கை சுற்றும் வட்டம் பக்கத்து நிலத்துக்காரரின் தலைக்கு மேல் போகும். 2024-ல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவென்றே தனியாக ஒரு கொள்கை கொண்டுவந்தது. கழற்றிய இறக்கையை என்ன செய்வது என்பது தனிப் பஞ்சாயத்து. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து இறுகச் செய்த பொருள் அது. உருக்கவும் முடியாது, பிரிக்கவும் எளிதில்லை.

இவ்வளவு சொன்னதால் நான் காற்றாலைக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். புகை இல்லை, சாம்பல் இல்லை, தண்ணீர் வேண்டாம், கீழே உளுந்தும் போடலாம், ஆடும் மேய்க்கலாம். நான் சண்டை போடுவது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதிய அந்த இரண்டு பத்தி அட்டவணையோடு. இடப்பக்கம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், வலப்பக்கம் புதுப்பிக்க இயலாதது, கீழே ஐந்து நன்மை, ஐந்து தீமை. அந்த அட்டவணையில் கடிகாரமும் இல்லை, காலண்டரும் இல்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை நன்மை தீமை என்று நாம் சொல்வதில் பாதி எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தது. மீதிப் பாதி யாருடைய வாசலில் என்பதைப் பொறுத்தது.

காலண்டரையே முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. நல்ல காற்று நாளில், மே முதல் செப்டம்பர் வரையான பருவத்தில், ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தந்த நாட்கள் உண்டு. கோடையில் உச்சமான நாளில் மாநிலம் முழுவதும் செலவழிப்பது 40 கோடி யூனிட்டைத் தாண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். ஆனால் ஐப்பசியில் போய் நின்று பாருங்கள். இறக்கைகள் சும்மா நிற்கும், அல்லது சோம்பலாக ஒரு சுற்று சுற்றும். வருடச் சராசரி எடுத்தால், பழைய காற்றாலை தன் மேல் எழுதியிருக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு தந்தால் பெரிது. நல்ல இடத்தில் நிற்கும் புதியது மூன்றில் ஒரு பங்கு தரும்.

அப்படியானால் ஆலைக்காரர்கள் தை மாதம் எப்படி நூல் நூற்றார்கள்? அதற்குத்தான் மின்வாரியம் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஆடியில் உங்கள் காற்றாலை தந்த யூனிட்டைப் பெயரில் வரவு வைத்துக்கொள்ளும், தையில் நீங்கள் கேட்கும்போது திருப்பித் தரும். அறுப்புக் காலத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது பத்து மூட்டை போட்டுவிட்டு, தட்டுப்பாட்டு மாதத்தில் வந்து அதே பத்து மூட்டையைக் கேட்பது மாதிரி. ஒரே வித்தியாசம், நெல்லைக் குதிரில் வைக்கலாம். மின்வாரியத்திடம் குதிர் இல்லை. ஆடியில் வந்த மின்சாரம் அன்றைக்கே, அந்த நொடியிலேயே செலவாகிவிட்டது. தையில் திருப்பித் தருவதற்கு அது வெளியே விலைக்கு வாங்க வேண்டும், அல்லது நிலக்கரியை எரிக்க வேண்டும். 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு வருடம் முழுவதற்குமான இந்தச் சலுகையை நிறுத்தினார்கள். ஆலைக்காரர்களுக்குக் கோபம். எனக்கு என்னவோ மின்வாரியத்தின் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

மின்வாரியத்தின் மேல் வேறு குற்றச்சாட்டு உண்டு, அதில் ஆலைக்காரர்கள் சொல்வது சரி. நல்ல காற்று வீசும் நேரத்தில் 'கிரிட் தாங்காது, நிறுத்துங்கள்' என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்வார்கள். (கிரிட் என்பது எல்லா மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்கம்பி வலை.) காற்று, சூரியன் இரண்டிலிருந்தும் வருவதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதையும் மீறி நிறுத்தும்போது காரணம் உண்மையிலேயே கிரிட்தானா, அல்லது வெளிச்சந்தையில் மலிவாக வேறு மின்சாரம் கிடைக்கிறது என்பதா என்று வழக்குகள் போயின. சூரிய மின் நிலையங்களை இப்படி நிறுத்திய விஷயத்தில் இழப்பீடு தரச் சொல்லி 2021-ல் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவும் போட்டது.

இப்போது 2012-க்கு வருவோம். அந்த வருடத்தை மறந்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள், சென்னைக்காரர்களைத் தவிர. சென்னைக்கு 2 மணி நேரப் பவர்கட். எங்களுக்கு 10, 12, சில நாள் 14 மணி நேரம். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மாவு மில்லில் வரிசை, இன்வெர்ட்டர் கடையில் அதைவிடப் பெரிய வரிசை. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு மொட்டை மாடிக்குப் போனார்கள். கோயம்புத்தூரில் சிறு பட்டறைகள் பல மூடியே போயின. அப்போதே இந்தியாவில் அதிகமான காற்றாலை வைத்திருந்த மாநிலம் நாம்தான்! எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய எரிச்சல். வீட்டு வாசலில் நின்றால் நூறு காற்றாடி தெரியும், வீட்டுக்குள் மின்விசிறி சுற்றாது.

காரணம் ஒன்றல்ல. தேவை கூடிக்கொண்டே போனது, புதிய அனல் மின் நிலையங்கள் தாமதமாயின. கூடங்குளம் அணுமின் நிலையம் 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட திட்டம், முதல் உலையின் மின்சாரம் கிரிட்டுக்கு வந்ததோ 2013 அக்டோபரில். வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம் என்றால் கம்பி இல்லை. தென்மாநில கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு முழுமையாக இணைந்தது 2013-ன் கடைசி நாளில், ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடம் வந்த பிறகுதான். (தனியாக இருந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. 2012 ஜூலை கடைசியில் வட இந்தியா முழுக்க இருண்டபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே இருட்டில்தானே இருந்தோம்.)

அந்தப் பவர்கட்டை முடித்து வைத்தது காற்றாலை இல்லை. வல்லூரில் 1,500 மெகாவாட், வடசென்னை இரண்டாம் நிலையில் 1,200, தூத்துக்குடியில் புதிதாக 1,000, மேட்டூரில் 600. எல்லாம் நிலக்கரி. கூடவே கூடங்குளமும் புதிய கம்பி வழித்தடங்களும். பசுமை ஆற்றல் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது சங்கடமாகவே இருக்கும். பணகுடியில் எங்கள் அம்மா வீட்டு மின்விசிறி திரும்பவும் ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்ததற்கு வாசலில் தெரிந்த காற்றாடி காரணமில்லை, அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி எண்ணூர் பக்கம் எரிந்த கரி காரணம்.

அந்தக் கரியையும் எனக்குத் தெரியும். அண்ணனும் மைனியும் இருப்பது எண்ணூருக்குப் பக்கத்தில் அத்திப்பட்டு புதுநகரில். அண்ணனுக்குத் துறைமுகத்தை ஒட்டி கண்டெய்னர் யார்டில் வேலை. அங்கே வெள்ளை வேட்டியை மொட்டை மாடியில் காயப்போட மாட்டார்கள். தமிழ்நாட்டில் நல்ல நிலக்கரி கிடையாது. ஒடிசாவில் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் கொண்டுவந்து, கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இந்த நீண்ட சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் நமக்கு இருட்டு. 2021 அக்டோபரிலும் 2022 ஏப்ரலிலும் நாடு முழுக்க நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது பார்த்தோம்.

சாம்பல் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் தயாரிக்க சுமார் 700 கிராம் எரிய வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாக மிஞ்சும். 500 மெகாவாட் கொண்ட ஒரே ஒரு அலகு (ஒரு கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த தொகுதி) ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட். அதற்குச் சுமார் 8,400 டன் கரி. மிஞ்சும் சாம்பல் மூவாயிரம் டன்னை ஒட்டி வரும், ஒரு நாளைக்கு, ஒரு அலகுக்கு. கொஞ்சம் சிமெண்ட் ஆலைக்குப் போகும், கொஞ்சம் சாம்பல் செங்கல் ஆகும். மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது பல வருடமாகப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போன விவகாரம். சாம்பல் குளத்தை ஒட்டியே செப்பாக்கம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கழிமுகத்தில் இறால் பிடித்து வாழ்ந்த காட்டுக்குப்பத்துக்காரர்களிடம் போய் நிலக்கரியின் நன்மை தீமை கேட்டால், அட்டவணை எல்லாம் போட மாட்டார்கள். வலையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

நெய்வேலி வேறு மாதிரி. அங்கே கரி வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை, காலுக்குக் கீழேயே இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை. 1956-ல் நிறுவனம், 1962-ல் மின்சாரம். தமிழ்நாடு தொழில் மாநிலம் ஆனதில் நெய்வேலிக்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம். ஆனால் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். ஒவ்வொரு டன் எடுக்கவும் அதைப்போல் பல மடங்கு மண்ணை அகற்ற வேண்டும். கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கமே மூழ்கும். சுற்றியுள்ள ஊர்களில் ஆழ்துளைக் கிணறு ஏன் கீழே போகிறது என்பதற்கு அவர்கள் காட்டும் காரணம் இதுதான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல் வயலுக்குள் வாய்க்கால் வெட்ட மண் அள்ளும் இயந்திரங்களை இறக்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நிலம் எப்போதோ எடுத்தது, இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். சட்டப்படி இருக்கலாம். இரண்டு மாதம் பொறுத்து அறுத்த பிறகு வெட்டியிருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும் என்று உயர் நீதிமன்றமும் கேட்டது, வீட்டில் டிவி பார்த்த எல்லோரும் கேட்டார்கள்.

சரி, சூரியனுக்கு வருவோம். இதில் விலை விழுந்த வேகம் எனக்கு இன்றும் ஆச்சரியம். ராமநாதபுரம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது ஒரே இடத்தில் அமைந்த உலகத்தின் மிகப் பெரிய நிலையம் அதுதான். சுமார் 2,500 ஏக்கர். அதன் மின்சாரத்தை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று 25 வருடத்துக்கு வாங்க ஒப்பந்தம். அடுத்த வருடமே ராஜஸ்தான் பட்லாவில் நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 காசுக்கு ஆள் வந்தது. அவசரப்பட்டு வாங்கியவர்களுக்கு நீண்ட கால ஒப்பந்தம் எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கட்டணம் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த 7 ரூபாய் 1 காசு ஞாபகம் வரும்.

வெயில் அதிகமானால் சோலார் அதிகம் தரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும். அக்னி நட்சத்திர மதியத்தில் பேனலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும்போது ஏழில் ஒரு பங்கு போய்விடும். மாசி, பங்குனிதான் நல்ல மகசூல்.

ஆனால் சூரியனின் பெரிய குறை சூடு இல்லை, அஸ்தமனம். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே மாதம் 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. மதியத்தில் அவ்வளவு தேவை வந்தாலும் சூரியன் சில ஆயிரம் மெகாவாட்டைச் சுமந்துகொள்ளும். சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, ஏசி, மிக்ஸி எல்லாம் ஓடும் நேரத்தில், சூரிய மின்சாரம் சுத்தமாகப் பூஜ்யம். ஆடி மாதமாக இருந்தால் காற்று கை கொடுக்கும். சித்திரையில் அதுவும் சரியாகத் தொடங்கியிருக்காது. அப்போது அனல் மின் நிலையம்தான் மூச்சுப் பிடிக்க வேண்டும். அதை ஸ்விட்ச் போட்டது போல் எழுப்பவும் முடியாது. முழுக்கக் குளிர்ந்துவிட்ட கொதிகலனைச் சூடாக்கி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் பகலில் அதை அணைக்காமல், பாதித் திறனில் அடக்கி ஓட்டி, மாலையில் ஏற்றுகிறார்கள். தினமும் இப்படி ஏற்றி இறக்கினால் கொதிகலன் குழாய்கள் சீக்கிரம் களைத்துப்போகும். சூரிய மின்சாரம் 2 ரூபாய் 50 காசு என்று சொல்லும்போது இந்தக் காத்திருப்புச் செலவை யாரும் சேர்ப்பதில்லை.

இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நடந்தது இன்னும் கூர்மையான பாடம். பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியது, தீவு முழுக்க இருண்டது. உலகமே குரங்கைப் பார்த்துச் சிரித்தது. பாவம், குரங்கு அங்கே முன்பும் ஏறியிருக்கும். அன்றைக்கு விடுமுறை நாள், மின்தேவை குறைவு, நல்ல வெயில். கிரிட்டில் ஓடிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு சோலார். அனல், புனல் நிலையங்களில் பல டன் எடையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு அதிர்ச்சி வந்தால் அந்த எடையே சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். பேனலில் சுற்றும் பொருள் எதுவும் இல்லை. தாங்கிப் பிடிக்க ஆள் குறைந்த நேரத்தில் குரங்கு வந்தது. அடுத்து நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்று, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை மறுபடி குறையும் என்பதால், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் தயவுசெய்து அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் அடிக்கும் நாட்டில் சோலாரை அணைக்கச் சொல்லும் நிலைமை! நமக்கு இன்று பெரிய இந்திய கிரிட்டின் துணை இருப்பதால் இந்த அளவுக்கு வரவில்லை. தீவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கூடங்குளம் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. கரிப்புகை இல்லை, ராத்திரியும் ஓடும், ஐப்பசியிலும் ஓடும். 2,000 மெகாவாட்டில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு. ஆனால் ஒரு உலை திடீரென்று நின்றால் ஒரே அடியில் 1,000 மெகாவாட் காணாமல் போகும். எரிபொருள் மாற்ற வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும். எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு பக்கத்து இடிந்தகரை மக்கள் 2011-ல் போராட்டப் பந்தலில் உட்கார்ந்து கேட்டபோதும் திருப்தியான பதில் இல்லை, இன்றும் இல்லை. பொறியியலில் நம்பிக்கை இருக்கிற எனக்கே, கேள்வி கேட்ட மீனவர்கள் மேல் தேசத்துரோக வழக்குகளைப் போட்டதை ஏற்க முடியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், நமக்கு இப்போது குறைவாக இருப்பது உற்பத்தி இல்லை, குதிர். தமிழ்நாட்டுக்கு அதில் பழைய அனுபவமே உண்டு. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 80-களின் கடைசியிலிருந்து இருக்கிறது, 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவானால் திரும்பி வருவது 75, 80. அந்த இருபது, இருபத்தைந்து யூனிட் நஷ்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், மதியத்தில் காற்றாலையை நிறுத்தினால் நஷ்டம் நூறு யூனிட் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே போன்ற திட்டம் பல வருடமாக இழுத்துக்கொண்டே போனது. மலையைக் குடைவதில் காட்டுக்குப் பாதிப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் ஏற்கெனவே இருக்கும் அணைகளுக்கு நடுவே சுரங்கம் போடுவதையும் வளையமாதேவியில் புது வயலை வெட்டுவதையும் எடைபோட்டால், நான் முதலாவதற்குத்தான் கை தூக்குவேன். புதிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இனி வேண்டாம். இருக்கிற அனல் நிலையங்களைச் சாயங்கால வேலைக்கு வைத்துக்கொண்டு, மெதுவாக ஓய்வு கொடுக்கலாம். ஆரல்வாய்மொழியின் நல்ல காற்றை அந்தக் குட்டிக் காற்றாலைகளிடமிருந்து விடுவிக்க வேண்டும். மின்கலத்தின் விலையும் சோலார் போன வழியிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் மைனி போனில், "தம்பி, மாடியில சோலார் போடலாமா? 78,000 ரூபா மானியம்னு சொல்றாங்களே," என்று கேட்டார்கள். போடுங்க என்றேன். 3 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும், இரண்டு மாதக் கணக்கில் எழுநூறு யூனிட்டை ஒட்டி வரும், உங்க பில்லில் பெரும்பகுதி போயிடும். ஆனால் ஒரு விஷயம், பேட்டரி இல்லாமல் போட்டால் கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. அத்திப்பட்டில் பேனலை அடிக்கடி துடைக்கவும் வேண்டும், சொல்லவே வேண்டாம். அப்புறம் கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றையும் பகலில் ஓட்டப் பழகுங்கள் என்றேன். ஆலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரக் கட்டணம் ஏற்கெனவே கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் வீட்டுக்கும் அதே மாதிரி மதியத்தில் குறைத்து, ராத்திரி ஏழிலிருந்து பத்துவரை கூட்டலாம், அப்படிச் செய்வதுதான் சரி என்றும் சொல்லிவைத்தேன்.

மைனி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நான் சீரியல் பாக்குறதுக்கு எக்ஸ்ட்ராவா காசு குடுக்கணுமா?"

"ஆமா மைனி. கொஞ்சம் குடுக்கணும்."

"நீ ஒரு ஆளு," என்று போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள்.